ஆட நேரமில்லாத வெளிச்சம்

ஏழு எண்ணி முடித்தாள். ஃப்ளாஷின் முதுகில் சிவப்புப் பொட்டு எரிந்தது. இனி அழுத்த வேண்டியதுதான், ஆனால் அமலோற்பவத்துக்கு விரல் வரவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட இந்தப் பக்கம் நின்றதில்லை. கேமரா எப்போதும் அவள் வீட்டுக்காரர் சவரிமுத்துவின் கையில், ஃப்ளாஷ் அவள் கையில், நடுவில் பழைய டெலிபோனுக்கு இருக்குமே அந்த மாதிரிச் சுருண்ட கறுப்பு ஒயர், இழுத்தால் மூன்றடி வரும், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வராது. பூவுக்கு ஒரு சாண் தள்ளி, அவர் சொல்லும் பக்கத்தில், அவர் சொல்லும் உயரத்தில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. இன்று மாறி நின்றார்கள். "நான் கேமராவைத் தொடமாட்டேன். வேணும்னா நீ அழுத்து, நான் லைட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்று காலையில் காப்பி குடிக்கும்போதே சொல்லிவிட்டார். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஆரோக்கியம் வருவான். கேமரா, இரண்டு லென்ஸ், ஃப்ளாஷ், ஒயர், பை எல்லாவற்றையும் கொடுத்தனுப்புவதாகப் பெரிய சிஸ்டரிடம் இவர் வாக்குக் கொடுத்து மூன்று நாளாயிற்று. பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளட்டுமாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு படம் என்று கேட்டவள் இவள். மொட்டைமாடியில் பெயிண்ட் வாளியில் வைத்த வெண்டைச் செடி இன்றைக்குத்தான் முதல் பூ விட்டிருந்தது. வெண்டைப் பூவுக்கு ஆயுசு ஒரு காலை. உச்சி வெயிலுக்குள் சுருங்கிவிடும். மணி எட்டாக ஐந்து நிமிஷம். பத்துக்கு இன்னும் நூற்றிருபத்தைந்து நிமிஷம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது, போட்டுவிட்டு, ஒரு படத்துக்கு எதற்கு அத்தனை நிமிஷம் என்று அவளையே திருப்பிக் கேட்டது. படம் அவளுக்கு வேண்டியதில்லை. கேமரா இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவளுக்கு வராது. அவளுக்கு எதுவும் வாய்விட்டு வராது.

அவருக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. முதலில் வலது கைக் கட்டைவிரல், அப்புறம் மணிக்கட்டு, இப்போது முழங்கை வரை. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், அமலோற்பவத்துக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்காது, நிற்கவும் வேண்டாம். அவள் வேறு கணக்கு வைத்திருந்தாள். இவர் எதை எதை விட்டார் என்ற கணக்கு. ஒன்று, சைக்கிள். இரண்டு, தானே சவரம் செய்துகொள்வது. மூன்று, சட்டைக்குப் பித்தான் போடுவது, அதை இவள் போட்டுவிடுகிறாள், போடும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான்கு, தம்ளர் நிறையக் குடிப்பது, இப்போதெல்லாம் அரைத் தம்ளர்தான், இரண்டு தடவையாக. ஐந்து, கோவிலில் வாசகம் வாசிப்பது, புத்தகத்தின் தாள் மைக்கில் சலசலவென்று கேட்டது என்று யாரோ பின்வரிசையில் சிரித்தார்களாம், யாரும் சிரிக்கவில்லை, அவள் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் இருந்தாள், அவளுக்குத் தெரியும். ஆறாவது கேமரா. பீரோவில் பூட்டி இரண்டு வருஷம் ஆகிவிட்டாலும் வீட்டில் இருக்கிற வரைக்கும் அது விட்ட கணக்கில் சேராது என்று அவள் வைத்திருந்தாள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வெளியே எடுத்துத் துடைத்து, பையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றி, திரும்ப வைத்தாள், அவர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து. இன்று அதுவும் போனால் ஆறு. ஆறுக்கு அப்புறம் ஏழு. ஏழாவது என்ன என்று நினைக்கப் போனால் மனம் ஒரு படியில் கால் தவறியது போல் திக்கென்று நின்றுவிடும். சாய்வு நாற்காலியும் எதிர்ச் சுவரும்தான் அங்கே தெரியும். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக முப்பத்தாறு வருஷம் இருந்தவர். அரத்தைப் பிடித்து ராவினால் தலைமுடி கனத்துக்குக்கூட ஏறுமாறு இருக்காது என்று பெயர் வாங்கியவர். ஃபிட்டருக்குக் கை அசைந்தால் வேலை போச்சு. அந்தச் சட்டத்தை அவர் அரத்திலிருந்து ஸ்பூனுக்கும், ஸ்பூனிலிருந்து கேமராவுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"என்ன அமலு, ஜெபமாலையா சொல்லிக்கிட்டு நிக்கிறே? அழுத்து" என்றார். "பொறுங்க" என்றாள். கண்ணைக் கேமராவின் சின்ன ஜன்னலில் வைத்தாள். இத்தனை வருஷம் இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றும் அதன் உள்ளே அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பார், கேட்கக் கூச்சம். உள்ளே வெண்டைப் பூ ஒரு வீட்டு வாசல் அளவுக்கு இருந்தது. ஐந்து இதழ், மஞ்சள் என்று சொல்ல முடியாத மஞ்சள், மோரில் துளி மஞ்சள் தூள் விழுந்த நிறம், ஒவ்வொன்றிலும் நரம்பு ஓடி உள்ளே போகப் போக அரக்குச் சிவப்பாகி, ஆழத்தில் இருட்டாகவே ஆகிவிட்டது. நடுத் தண்டின் உச்சியில் வெல்வெட்டைக் கத்தரித்து ஒட்டினது போல் ஐந்து பொட்டு. எண்ணிப் பார்த்தாள், ஐந்துதான். மூச்சு விட்டால் பூ கலங்கியது, மூச்சைப் பிடித்தால் தெளிந்தது, மறுபடி தானாகவே கலங்கியது. ஓ, இதைத்தான் இவர் பார்த்துக்கொண்டிருந்தாரா, இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் சாப்பிடக்கூட இல்லாமல் காலனி வேலி வேலியாக இழுத்துக்கொண்டு போனாரா. அப்போது மகள் ஸ்டெல்லா கைக்குழந்தை, இடுப்பில் பிள்ளை, வலது கையில் ஃப்ளாஷ். ஃப்ளாஷின் முகத்துக்கு அவர் கைக்குட்டையை இரண்டாக மடித்துக் கட்டியிருப்பார், வெளிச்சம் முரடாக விழக் கூடாதாம். ஊமத்தை, எருக்கு, கிணற்றடிச் சேம்பு, ஆபீசர் பங்களா வேலியில் நீலச் சங்குப்பூ. தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, "வெயிலை இருட்டாக்கிட்டு நம்ம வெளிச்சத்தைப் போடணும் அமலு" என்பார். அது எப்படி என்று அவளுக்குப் புரியாது, ஆனால் படம் கழுவி வந்தால் பின்னால் எல்லாம் கரியாக இருக்கும், பூ மட்டும் நட்டநடு இரவில் யாரோ எழுப்பிவிட்டது போல் விழித்துக்கொண்டு நிற்கும். ராத்திரியா எடுத்தீங்க என்று எல்லாரும் கேட்பார்கள். காலனி ஆண்கள் கேலி செய்வார்கள். "சவரி, பொண்டாட்டிய ஒரு படம் எடுக்கக் கூடாதாடா, எருக்கஞ்செடி உனக்குச் சோறா போடுது?" அவள் தலை கவிழ்ந்துகொள்வாள். பழைய ஃப்ளாஷ் ஙீ என்று சன்னமாகக் கத்தும், கத்தி ஓய்ந்தால் சிவப்புப் பொட்டு வரும், அதற்குப் பதினொன்று எண்ண வேண்டும். இந்தப் புதிதுக்கு ஏழு போதும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் அந்தப் பதினொன்று இருந்தது. அதில் யாரும் பேசமாட்டார்கள். இப்போது நினைத்தால் தன் கல்யாண வாழ்க்கையில் நல்ல பகுதி முழுவதும் அந்தப் பதினொன்றுகளுக்குள்தான் இருந்ததோ என்று தோன்றியது.

"என்னக்கா, வெண்டைக்காய்க்குப் பேறுகால போட்டோவா?" பக்கத்து மொட்டைமாடியில் தையல்நாயகி துணி உதறிக்கொண்டிருந்தாள். "காய் பொறக்கட்டும், அப்புறம் பெயர் வச்சு எடுங்க." அமலோற்பவம் திடுக்கிட்டாள், திடுக்கிட்டதில் விரல் அழுந்திவிட்டது. வெளிச்சம் ஒரு தடவை வெட்டிற்று. "போச்சு" என்றார் சவரிமுத்து. தையல்நாயகி சிரித்துக்கொண்டே காலி வாளியோடு இறங்கிப் போனாள். அழுத்தின கணத்தில் ஜன்னல் ஓரத்தில் அமலோற்பவம் ஒன்றைப் பார்த்திருந்தாள். கைக்குட்டை. இன்றும் ஃப்ளாஷின் முகத்தில் கட்டியிருந்த அது சிட்டுக்குருவி நெஞ்சு மாதிரி படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "பார்த்தியா. லைட்டு இப்படி ஆடினா படம் எப்படி நிக்கும்? ஒரு மண்ணும் வந்திருக்காது. சரி, எடுத்தாச்சு. பையில வை." கேமராவின் முதுகில் படம் வரும் கண்ணாடியை அவளுக்கு எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது என்று தெரியாது. நீட்டினாள். அவர் இடது கையால், அந்தக் கை கொஞ்சம் பரவாயில்லை, ஒரு பட்டனை நாலு தடவை தட்டினார். பூ பெரிதாயிற்று, இன்னும் பெரிதாயிற்று, கடைசியில் அந்த வெல்வெட்டுப் பொட்டு மட்டும் கண்ணாடி நிறைய நின்றது. அதன் ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. ஒன்றின் நுனியில் மகரந்தத் தூள் ஒரு மணி. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம், "எதேச்சையா விழுந்திருக்கு" என்றார். "தேனீ றெக்கையைக்கூட ஃப்ளாஷ் நிறுத்தும், அது எனக்குத் தெரியாதா? ஆனா அது தேனீ. லைட்டைப் புடிக்கிற கை வேற. கை நிக்கணும். உன் கை மாதிரி நிக்கணும்." சொல்லிவிட்டுக் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவருக்கு அவிழவில்லை.

உன் கை மாதிரி. அமலோற்பவம் இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டால் போதும், சொன்னால் இவருக்குப் புரியும். ஆனால் சொன்னால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று மனம் உடனே பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. அந்த நாள் அவளுக்கு மடித்து வைத்த துணி போல் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இவருக்கு மேலதிகாரியான சார்ஜ்மேன் வீட்டில், பிள்ளை கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து, கூடத்தில் பன்னிரண்டு பேர், எண்ணியிருக்கிறாள். யாரோ சங்குப்பூ படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, சவரி, இது என்னப்பா இத்தனை துல்லியம், என்று கேட்க, இவர் எலும்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அது நான் இல்ல. என் வீட்டுக்காரி கை. கல்தூண் மாதிரி. கால்மணி நேரம் தூக்கிப் புடிச்சாலும் ஒரு நூல் அசையாது. நம்ம ஷாப்புல இப்படி ஒரு கை யாருக்கும் கிடையாது." பன்னிரண்டு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். பாட்டு வராது, நாலு பேர் நடுவில் பேச வராது, குழம்புகூட அவள் நாத்தனார் அளவுக்கு வராது. அவளைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்தான். அதற்கு அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எங்காவது அவர் அதைச் சொல்லியிருக்கிறார், ஸ்டெல்லாவின் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட, அவளும் ஒவ்வொரு தடவையும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள், போய் அங்கே சும்மா நிற்பாள். அது பொய். முதல் நாளிலிருந்தே பொய். கையை நீட்டித் தூக்கி முப்பது எண்ணுவதற்குள் தோள் எரியும், அறுபதில் விரல் நடுங்க ஆரம்பிக்கும், பிறகு கை மொத்தமும் ஆடும். இவருக்குத் தெரியாது. இவர் கண் பூவிலேயே இருக்கும். படம் பாழாகப் போகிறது, பாழானதும் தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த ஞாயிறு வேறு யாரையாவது கூட்டிப் போவார் என்று அவள் பயந்து பயந்து நின்றாள். வெளிச்சம் ஆடினதால் ஒரு படமும் பாழாகவில்லை. அதுதான் அவளுக்குப் புரியாத மர்மமாக இருந்தது. விருந்து முடிந்த அந்த வாரம் இவருக்கு மாலை ஷிப்ட், வழக்கம் போல் படம் வாங்கிவர அவள்தான் போனாள். ஸ்டூடியோக்காரர் கோதண்டம் தனியாக இருந்தார். இரண்டு தடவை படியிறங்கி, மூன்றாவது தடவை திரும்பி வந்து கேட்டாள். லைட்டைப் பிடிக்கிற கை ஆடினா படம் ஆடுமாங்க. அவர் கவரில் பசை தடவிக்கொண்டே, "அந்த வெளிச்சத்துக்கு ஆட ஏதும்மா நேரம்? ஒரு செகண்டை ஆயிரம் பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் அதோட ஆயுசு. உங்க கை ஆடித் திரும்புறதுக்குள்ள அது பொறந்து செத்துப் போயிரும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரிக்கப் பார்த்தாள். பத்துக்கு மேல் போகவில்லை. ஆனால் ஒன்று புரிந்துவிட்டது, இனி பயமில்லை, கை எவ்வளவு ஆடினாலும் அந்தச் சொல்லுக்கு ஆபத்தில்லை. அன்றைக்கே இவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று முதலில் தள்ளினாள், அப்புறம் தள்ளுகிறோம் என்பதே மறந்துபோயிற்று.

இவர் இன்னும் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். இவள் அவிழ்க்கப் போகவில்லை. போனால் ஆறாவதும் விட்ட கணக்கில் சேர்ந்துவிடும். கீழே தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள், சத்தம் தேய்ந்து மூலை திரும்பியது, இனி வேறு சத்தம் இல்லை. "ஆடும்" என்றாள். அவர் நிமிர்ந்தார். "என்ன ஆடும்?" "என் கை. ஆடும்." "எப்போ?" "எப்பவுமே." அவர் முடிச்சை விட்டுவிட்டார். "இப்ப வயசாச்சு, ஆடத்தான் செய்யும்." "இப்ப இல்லீங்க. சங்குப்பூ எடுத்தப்போ. ஊமத்தை எடுத்தப்போ. மொதல் நாள்லேர்ந்து ஆடிச்சு." "பொய் சொல்றே. எனக்காகச் சொல்றே." "மாதா சத்தியமா." மாதா மேல் அவள் ஆணையிட்டு அவர் கேட்டதில்லை. பெயிண்ட் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்தார். "எவ்வளவு ஆடிச்சு?" ஃபிட்டர் கேள்வி. "இப்ப உங்களுக்கு ஆடுறதுல பாதி. கடைசி ரெண்டு மூணு படத்துக்கு, இதே அளவு." "அப்ப நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது?" கோதண்டம் சொன்னதை மட்டும் சொன்னாள், அந்த ஆயிரத்தில் ஒரு பங்கை, வார்த்தை மாறாமல். சொல்லச் சொல்ல, பன்னிரண்டு முகமும் ஒவ்வொன்றாக அவள் பக்கமிருந்து திரும்பிக்கொள்வது போல் இருந்தது, வலிக்கத்தான் செய்தது, பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி மனம் அங்கேயே போய்ப் போய் வந்தது. இனி அடுப்பங்கரையில் போய் நிற்பதற்கு ஒன்றுமில்லை. போகட்டும். இவர் தன் வலது கையைத் தூக்கி, அது வேறு யாருடையதோ என்பது போல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனாள், சிரிப்பு. "கள்ளி" என்றார். "நாற்பது வருஷம் என்னைக் கேணப்பயலாக்கி வச்சிருக்கே. சார்ஜ்மேன் உயிரோட இருந்தா நேராப் போய் மன்னிப்புக் கேக்கணும்டி நான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பினால்தான் என்று அவள் வைத்துக்கொண்டாள். "குடு அதை இங்க" என்றார்.

கேமரா அவர் கைக்குப் போயிற்று, ஃப்ளாஷ் அவளுக்கு வந்தது. முதல் படம் கலங்கல். வெளிச்சம் பூவை நிறுத்திவிட்டது, ஆனால் கை முன்னும் பின்னும் போய் வந்ததில் தெளிவு பூவைவிட்டு அதன் பின்னால் இருந்த இலையில் போய் விழுந்திருந்தது. "இதுக்கு உன் கோதண்டம் என்ன சொன்னார்?" என்றார். இதற்குக் கோதண்டம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏழு எண்ணினாள். இரண்டாவதும் இலை. மூன்றாவதில் பூவுக்கு இந்தப் பக்கம் காற்றில் ஒன்றுமே இல்லாத இடம் தெளிவாக இருந்தது. நாலாவதில் எறும்பு. "எறும்பு நல்லா வந்திருக்கு" என்றாள். "வாயை மூடு" என்றார். அவளுக்குப் பயம் திரும்ப வந்தது, இப்போது வேறு பயம், பழைய சொல்லும் போய்க் கேமராவும் போனால் என்ன செய்வது. ஐந்து, ஆறு. கேமராவை நிறுத்தப் பார்ப்பதை ஏழாவதில் அவர் விட்டுவிட்டார். ஆட விட்டார், ஆட்டத்திலே பூ கலங்கித் தெளிந்து கலங்கும் அல்லவா, தெளியும் இடத்துக்குக் காத்திருந்தார், இரும்பு காய்ந்து நிறம் மாறும் பதத்துக்கு உலைப் பக்கத்தில் காத்திருப்பதைப் போல. எட்டாவதில் அரை இதழ் கிடைத்தது. ஒன்பதாவதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவளிடம் காட்டவில்லை. எட்டிப் பார்த்தாள். வெல்வெட்டுப் பொட்டு ஐந்தும் நின்றது. பின்னால் எங்கும் இருட்டு. "ஒம்பது எடுத்து ஒண்ணு" என்றார். "இதெல்லாம் ஒரு வேலையா?"

அமலோற்பவத்துக்கு அந்தக் கணக்கு எங்கோ இடித்தது. ஒன்பதுக்கு ஒன்று. "பிலிம் காலத்துல ரோலுக்கு முப்பத்தாறு. அதுல எத்தனை தேறும், ஞாபகம் இருக்கா?" "முக்காவாசி தேறும்." "ரெண்டு." "போடி." "ரெண்டுதாங்க. நல்ல மாசத்துல மூணு. ஸ்டூடியோவுல எண்ணி வாங்குறவ நானு. மீதி எங்கன்னு நீங்க கேட்டதேயில்ல, நீங்க பார்க்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பிடிக்காதுன்னு தனிக் கவர்ல போட்டு டிரங்குப் பெட்டி அடியில வச்சிருவேன். இன்னும் இருக்கு." முப்பத்தாறுக்கு இரண்டு என்றால் எத்தனைக்கு ஒன்று என்று அவள் விரல் மடக்காமல் மனதுக்குள் போட்டாள், சரிபார்க்க இன்னொரு தடவை போட்டாள். "பதினெட்டுக்கு ஒண்ணுங்க" என்றாள், "கை நல்லா இருந்தப்போ." அவர் பூவைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். இதழ்களின் ஓரம் லேசாக உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தது. "இன்னும் அரைமணி தாங்கும்" என்றார். "என்ன நிக்கிறே? கொஞ்சம் இடப்பக்கம் வா. இடப்பக்கம்னா எது? உனக்கு எத்தனை வருஷம் சொல்றது? கைக்குட்டை இதழ்ல உரசுது பாரு, தூக்கு." இரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. கையைத் தூக்கினாள், முப்பது எண்ணுவதற்குள் தோள் எரிந்தது, ஆடத் தொடங்கியது. அவர் பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்ப ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டார். கீழே வாசல் கேட் கிரீச்சிட்டது. "சவரி அண்ணே!" ஆரோக்கியத்தின் குரல். "சிஸ்டர் சீக்கிரமே அனுப்பிட்டாங்க, பையைத் தர்றீங்களா?" சவரிமுத்துவுக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை. காற்று நிற்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி, "அண்ணே!" தெருவில் நின்று யாரையும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டறியாத அமலோற்பவம், வெளிச்சத்தைக் கீழே இறக்காமல், கழுத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி, "அவருக்கு வேலை இருக்குப்பா! தர்றதுக்கு இல்லைன்னு சிஸ்டர்கிட்டச் சொல்லிரு!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கத்தினாள்.